பணம் கட்டிய பிறகு

மண்ணடியிலோ கீழக்கரையிலோ டிராவல்ஸ் கடை வைத்திருந்தவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று இருந்த காலம் ரொம்பப் பழையதல்ல. எந்தத் தேதியில் மலிவு, எந்த ஊரில் விமானம் மாறலாம், இறங்கும்போது கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. விலையில் அவர் தனக்கு எவ்வளவு வைத்துக்கொண்டார் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. இணையப் பதிவு வந்ததும் விலை நம் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் நம் தலையில் விழுந்தது.

வெளிநாட்டுப் பயணத்தை நாமே இணையத்தில் பதிவு செய்துகொள்வதால் லாபமா நஷ்டமா என்று பேசும்போது பேச்சு பெரும்பாலும் விலையைச் சுற்றியே போகிறது. அது பாதிக் கேள்விதான். பணம் கட்டும் வரை இந்த ஏற்பாடு அபாரமாக வேலை செய்கிறது. கட்டிய பிறகு ஒரு தேதி மாற வேண்டியிருந்தால், ஓர் எழுத்து பிழையாகிவிட்டால், விமானமே ரத்தாகிவிட்டால் என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

இதற்குக் கொஞ்சம் பழங்கதை தேவைப்படுகிறது. 1953-இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்குக்குப் போன விமானத்தில் இரண்டு ஸ்மித்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார நேர்ந்தது. ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி.ஆர். ஸ்மித், மற்றவர் ஐ.பி.எம். விற்பனையாளர் பிளேர் ஸ்மித். அந்தப் பேச்சில் முளைத்ததுதான் சேபர் என்ற கணினிப் பதிவு முறை. 1960-களின் நடுவில் அது முழுமையாக ஓடத் தொடங்கியது, 1976-இல் முகவர்களின் மேஜைக்கும் வந்தது. ஐரோப்பிய விமான நிறுவனங்கள் சேர்ந்து 1987-இல் அமேடியஸைத் தொடங்கின. பொதுமக்களுக்கான தளங்கள் அதற்கும் பிறகுதான் வந்தன. எக்ஸ்பீடியா, டிராவலாசிட்டி, நெதர்லாந்தின் புக்கிங் டாட் காம் மூன்றுமே 1996-இல் பிறந்தவை. மேக்மைட்ரிப் 2000-இல் தொடங்கியபோது அதன் வாடிக்கையாளர்கள் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்துபோகும் இந்தியர்கள். இந்தியாவுக்குள் அது கடை விரித்தது 2005-இல். 2008 ஜூன் 1 முதல் காகித டிக்கெட்டையே விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா நிறுத்திவிட்டது.

ஆக, நாம் விரலால் தள்ளிப் பார்க்கும் செயலி புதிது, அதற்கு அடியில் ஓடும் இயந்திரம் அறுபது வருடப் பழசு. இது தமிழர்களை நிறையவே படுத்துகிறது, பெயர் விஷயத்தில்.

அந்த அமைப்புகளில் பயணியின் பெயர் தந்திக் காலத்துப் பாணியில் பதிவாகிறது. முதலில் குடும்பப் பெயர், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு சொந்தப் பெயர், அதன் வாலில் ஒட்டிக்கொண்டு மிஸ்டரோ மிஸ்ஸோ. குடும்பப் பெயர் இல்லாத மனிதன் உலகத்தில் இருப்பான் என்று அதை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றவில்லை. நமக்கோ இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். சிலர் அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டார்கள். அவர்களை வெளிநாட்டு ஹோட்டல் வரவேற்பறைகளில் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சிலர் இரண்டையும் சேர்த்துக் கிவன் நேம் கட்டத்தில் எழுதி, சர்நேமைக் காலியாக விட்டார்கள். சிக்கல் அவர்களுக்குத்தான். இணையப் படிவத்தில் அந்தக் கட்டம் சிவப்பாகி, மேலே நகரவிடாது.

அப்போது என்ன செய்வது என்பதற்கு ஊருலகத்துக்குப் பொதுவான விடை கிடையாது. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும். இன்னொன்று முதல் பெயர் தெரியாது என்ற பொருளில் எஃப்.என்.யு. என்று போடச் சொல்லும். வேறொன்று மிஸ்டரையே பெயராக்கிவிடும். ஒரே பயணத்தில் இரண்டு நிறுவன விமானங்கள் இருந்தால், முதல் நிறுவனத்தின் வழக்கப்படி எழுதிய பெயரை வைத்து இரண்டாவதன் தளம் ஆளையே கண்டுபிடிக்காது. வெப் செக்-இன் நடக்காது. விமான நிலையக் கவுன்டரில் நின்று அப்பா பெயர் வேறு நம் பெயர் வேறு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மலேசியத் தமிழர்களின் பாடு இன்னும் வேடிக்கை. அவர்கள் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் ஏ சாய்கோடு எல், அதாவது அனக் லெலாக்கி, மகன் என்று இருக்கும். பெண்களுக்கு ஏ சாய்கோடு பி. பதிவு அமைப்பிலோ சாய்கோடு என்பது குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறி. எனவே அதை உள்ளே விடாது. சாய்கோட்டை எடுத்துவிட்டு ஏஎல் என்று சேர்த்து எழுதுவார்கள், அல்லது அதையும் விட்டுவிடுவார்கள். சிங்கப்பூரில் எஸ் சாய்கோடு ஓ போடுபவர்களுக்கும் இதே கதைதான்.

2022 நவம்பரில் இது வெறும் எரிச்சலைத் தாண்டிப் போனது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் உள்ளே விடாது என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. டிக்கெட் விற்ற எந்தத் தளமும் இந்தச் செய்தியைக் கட்டணப் பக்கத்துக்கு முன்னால் காட்டியிருக்க முடியும். விற்பதற்கு அது அவசியமில்லை, அவ்வளவுதான்.

விலை விஷயத்துக்கு வருவோம். இங்கே இணையம் செய்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பதில் நம் மக்களிடம் நிறையக் கட்டுக்கதைகள் உலவுகின்றன. அதில் பிரபலமானது, "ரெண்டு தடவை தேடிப் பார்த்தா நம்மள மோப்பம் பிடிச்சு விலையை ஏத்திடுறான்" என்பது. நான் இதை நம்புவதில்லை. நடப்பது பெரும்பாலும் இதுதான்: எகானமி இருக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் கணக்கில் அவை ஒய், பி, எம், கே என்று ஆங்கில எழுத்துகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலை, ஒரு ரத்து விதி, இத்தனை இடம் என்று ஓர் அளவு. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறொருவர் அந்த எழுத்தின் கடைசி இடத்தை வாங்கிவிட்டால் அடுத்த எழுத்தின் விலை தெரியும்.

இதில் குடும்பமாகப் போகிறவர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. நாலு பேருக்கு என்று தேடும்போது மலிவான எழுத்தில் மூன்று இடம்தான் மிச்சம் என்றால், அமைப்பு மூன்று பேருக்கு மலிவு விலையும் ஒருவருக்கு அடுத்த விலையும் போடாது. வழக்கமாக நாலு பேருக்குமே அடுத்த விலையைத்தான் போடும். ஒரே ஆளுக்கு என்று தேடிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அப்போது மூன்று டிக்கெட் ஒரு தடவை, ஒரு டிக்கெட் இன்னொரு தடவை என்று வாங்கலாம். விமானம் ரத்தானால் இரண்டு பதிவுகளும் இரண்டு வெவ்வேறு விமானங்களுக்கு மாற்றப்படலாம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த மிச்சத்துக்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

எல்லா வழிகளையும் அலசி ஆக மலிவான கட்டணத்தைக் கண்டுபிடிப்பது கணினிக்கே எளிதல்ல. ஐ.டி.ஏ. சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தின் கார்ல் டி மார்க்கன், கட்டண விதிகளை முழுதாக எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு எல்லாச் சமயத்திலும் விடை தரும் நிரல் எழுதவே முடியாது என்று கணித வழியில் காட்டினார். அந்த நிறுவனத்தைத்தான் கூகுள் 2011-இல் 70 கோடி டாலருக்கு வாங்கியது. கூகுள் ஃபிளைட்ஸ் அதிலிருந்து வந்தது. ஆகவே எந்தத் தளம் "மிகக் குறைந்த விலை" என்று போட்டாலும் தான் தேடிய வரைக்கும் என்று படித்துக்கொள்வது சரி.

வெற்றிகள் என்று எடுத்தால் எனக்கு முதலில் தோன்றுவது மலிவு விலை கூட இல்லை, சரிபார்க்கும் வசதிதான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞன் கையில் முகவர் ஒரு தாளைக் கொடுக்கிறார். முன்பெல்லாம் அது உண்மையா என்று விமான நிலையத்தில்தான் தெரியும். இன்று அவனே விமான நிறுவனத்தின் தளத்தில் ஆறு எழுத்து பி.என்.ஆரைப் போட்டுப் பார்க்கலாம். அதோடு நின்றுவிடக் கூடாது. பி.என்.ஆர். என்பது இடம் பிடித்து வைத்ததற்கான அடையாளம் மட்டும். முழுச்சேவை விமான நிறுவனங்களில் பணம் போய்ச் சேர்ந்து டிக்கெட் அடிக்கப்பட்டால்தான் 13 இலக்க எண் வரும். அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறி. ஏர் இந்தியா என்றால் 098, எமிரேட்ஸ் என்றால் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618. இத்தகைய நிறுவனங்களில் அந்த எண் இல்லாத தாள் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அதை வைத்து ஏற முடியாது. இடைத்தரகுத் தளங்களில் பணம் பிடித்த பின்னும் "உறுதி செய்யப்படுகிறது" என்று மணிக்கணக்கில் நிற்பதன் பொருளும் இதுதான். இடம் இருக்கிறது, டிக்கெட் இன்னும் இல்லை.

மலிவுக் கட்டணமும் உண்மையான சாதனைதான். ஏர் ஏசியா 2008 டிசம்பரில் திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியபோது, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் தன் கைபேசியிலிருந்தே அம்மாவுக்கு டிக்கெட் போட்டு அழைத்துக்கொள்ளலாம் என்ற நிலை மெல்ல வந்தது. நாகப்பட்டினம், காங்கேசன்துறை கப்பலுக்குக்கூட இன்று இணையத்தில் டிக்கெட் எடுக்கலாம்.

அந்தக் கடல்வழியைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1914 முதல், 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும் வரை, சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புக் கோட்டை வரை போக முடிந்தது. கப்பல் தாமதமானால் அது ரயில்காரர்களின் கவலை. இன்றைய தேடல் தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம் போலக் காட்டுகின்றன. மூலையில் பொடி எழுத்தில் "சுயமாக மாறுதல்" என்று இருக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் கேட்பாரில்லை, புதிதாகப் பணம் கட்ட வேண்டும். லக்கேஜை எடுத்து மறுபடி போட வேண்டும் என்பதால் நடுவில் உள்ள நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு விசா வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் லண்டனில் விமானம் மாறும் இந்தியருக்கு, அமெரிக்க விசா போன்ற விலக்குகள் இல்லையென்றால், டிரான்சிட் விசா தேவை. தளம் கேட்காமல் விற்றுவிடும். செக்-இன் கவுன்டரில் இருப்பவர் டைமேட்டிக் என்ற ஐயாட்டாவின் விதித் தொகுப்பைத் திறந்து பார்த்துத்தான் போர்டிங் பாஸ் கொடுப்பார். அதே தொகுப்பை விற்கும் இடத்திலேயே கட்டாயமாக்கினால் எத்தனையோ கண்ணீர் மிச்சம்.

விசா இணையத்துக்கு மாறியதில் நன்மை தீமை இரண்டுமே கலந்திருக்கிறது. இலங்கை 2012-இல் கொண்டுவந்த இ.டி.ஏ. என்ற இணைய அனுமதி எளிமையாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் அதைத் தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள். விசாக் கட்டணத்தின் மேல் 18.50 டாலர் சேவைக் கட்டணமும் சுமார் 7 டாலர் வசதிக் கட்டணமும் ஏறின. இலங்கை உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட்டில் இடைக்காலத் தடை போட்டு, செப்டம்பரில் பழைய முறையே திரும்பியது. நன்றாக ஓடிய ஒன்றைக் கெடுத்துத் திருத்திக்கொண்ட கதை. ஷெங்கன் விசாவில் வேறு விதமான சிக்கல்: விண்ணப்பத்தில் விமான முன்பதிவைக் காட்ட வேண்டும், ஆனால் விசா கிடைக்கும் முன் டிக்கெட் வாங்காதீர்கள் என்று தூதரகங்களே சொல்கின்றன. இந்த இடுக்கில்தான் "டம்மி டிக்கெட்" வியாபாரம் நடக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து வருகை அட்டைகள் இப்போது இணையத்தில் நிரப்ப வேண்டியவை; மூன்றுமே இலவசம். தேடலில் முதலில் வரும், அரசுத் தளம் போலவே முகம் வைத்த கடைகளோ அதற்குப் பணம் வாங்குகின்றன. முகவரியைப் பார்க்காமல் கார்டு எண்ணைத் தட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் இடத்திலேயே தடுக்கி விழுகிறவர்களும் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். நாம்தான் வங்கிச் செயலியில் போட்டுக்கொள்ள வேண்டும். "கார்டு வேலை செய்யல" என்று அலுத்துக்கொள்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். வெளிநாட்டில் இருக்கும்போது உள்ளூர் சிம் போட்டவருக்கு இந்திய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. வந்து சேராது. விலை ரூபாயில் தெரிந்தாலும் பணம் வெளிநாட்டுக் கணக்கில் போய் விழுந்தால் வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். வேற்று நாணயத்தில் கட்டினால் பெரும்பாலான கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. விமானமும் ஹோட்டலும் ஒரே கையில் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற முன்வரி, தனித்தனியாக வாங்கினால் அது இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் பேக்கேஜைப் பிரித்து வாங்குகிறார்கள்.

"இன்னும் ஒரே ஓர் அறைதான் பாக்கி", "இப்போது 14 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" போன்ற மிரட்டல்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் பார்த்தவைதான். பிரிட்டனின் போட்டி ஆணையம் 2019-இல் ஆறு பெரிய தளங்களிடம் இதைக் குறைப்பதாக எழுதி வாங்கியது. ஹோட்டல்களை விலைப்படி அல்லாமல் தனக்கு வரும் வருமானத்தைப் பார்த்து வரிசைப்படுத்தியதற்காக டிரிவாகோவுக்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022-இல் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. இந்தியாவிலும் 2023 நவம்பரில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்து வழிகாட்டுதல் வந்தது. கேட்காமலே பயணக் காப்பீட்டைச் சேர்த்துவிடுவதும், கடைசிப் பக்கத்தில் கட்டணம் முளைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியல் இருக்கிறது, முளைப்பது நிற்கவில்லை.

பணம் கட்டிய பிறகு வரும் சிக்கல்களில் பெரியது ரீஃபண்ட். கொரோனாக் காலத்தில் இது வெட்டவெளிச்சமானது. விமான நிறுவனம் "முகவரிடம் கொடுத்துவிட்டோம்" என்றது. தளம் "நிறுவனத்திடமிருந்து வரவில்லை" என்றது. பயணி நடுவில் நின்றார். நம் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று தந்த தீர்ப்பில் ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளுக்குப் பணம் திரும்ப வேண்டும் என்றது. முகவர் வழி வாங்கியிருந்தால் முகவருக்குப் போய், அவர் உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்றது. நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளும், முகவர் வழியே விற்றாலும் ரீஃபண்டுக்கு விமான நிறுவனமே பொறுப்பு என்கின்றன. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அதனதன் நாட்டு விதி. அது எப்போதும் கெட்ட செய்தி இல்லை: ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த விமானமானாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்து, தவறு நிறுவனத்தினுடையது என்றால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். நம்மவர்களில் இதைக் கேட்பவர்கள் குறைவு.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது: தேடுவதற்கு எந்தத் தளமும் சரி, வாங்குவது விமான நிறுவனத்தின் தளத்திலேயே. இடையில் ஒரு கை குறைந்தால் மாற்றும்போது ஒரு வாதம் குறைகிறது. மூன்று நாடு, விசா, வயதானவர்கள் என்று சேர்ந்தால் நல்ல முகவருக்கு ஆளுக்குச் சில நூறு ரூபாய் கொடுப்பது விரயமில்லை. இடைத்தரகுத் தளத்தின் சில நூறு ரூபாய்த் தள்ளுபடிக்காக இந்த இரண்டையும் விடுவதுதான் வீண்.

விதிகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. அமெரிக்கா போகவர உள்ள விமானங்களில், பயணத்துக்கு ஏழு நாளாவது இருந்தால், 24 மணி நேரம் வரை டிக்கெட்டை இலவசமாகப் பிடித்துவைக்கவோ ரத்துசெய்யவோ நிறுவனம் வழிவிட வேண்டும் என்பது பல வருடமாக இருக்கிறது. நம் இயக்குநரகம் 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவு, வாங்கிய 48 மணி நேரத்துக்குள் தண்டமில்லாமல் ரத்துசெய்யவும் மாற்றவும் வழிசொன்னது. நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக வாங்கி, 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பெயர்த் திருத்தம் இலவசம் என்றது. ஆனால் அந்த 48 மணி நேரச் சலுகை, வெளிநாட்டு விமானமானால் 15 நாளுக்குள் கிளம்பும் பயணத்துக்குக் கிடையாது என்றும் அதே வரைவில் இருந்தது. ஊரில் ஒரு சாவு என்று தகவல் வந்து, இரவோடு இரவாக துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து டிக்கெட் போடுகிறவர் பதற்றத்தில் தேதியைத் தவறாகத் தட்டக்கூடியவர். நள்ளிரவு 12.30 விமானத்துக்கு எந்தத் தேதி என்று குழம்பக்கூடியவரும் அவர்தான். அந்த வரைவில் அவருக்கு இடமில்லை.